உண்ணும் காளான் ஜீனோம்களில் கால்சியம் பிடிக்கும் புரதங்கள்: எண்ணிக்கையை வைத்து ஒப்பிடலாமா?

சிப்பிஇழை எழுதியது:

வணக்கம். உயிர்த்தகவலியல் முதுகலை, கடைசிப் பருவம். உண்ணும் காளான்களின் ஜீனோம்களில் கால்சியம் பிடிக்கும் புரதங்களை ஒப்பிடுவதுதான் என் திட்டவேலை. ஐந்து இனங்கள் எடுத்திருக்கிறேன்: மொட்டுக்காளான் (அகாரிகஸ் பைஸ்போரஸ்), சிப்பிக்காளான் (ப்ளூரோட்டஸ் ஆஸ்ட்ரியேட்டஸ்), ஷிடாக்கே (லென்டினுலா எடோடெஸ்), எனோகி (ஃப்ளாமுலினா வெலுடிப்பெஸ்), வைக்கோல் காளான் (வோல்வேரியெல்லா வோல்வேசியா). ஐந்துமே அகாரிகேலிஸ் வரிசையைச் சேர்ந்தவை.

ஒவ்வொன்றின் புரதக் கோப்பையும் (ஜீனோமிலிருந்து கணித்த புரத வரிசைகளின் பட்டியல்) இறக்கி, பிஃபாம் என்ற புரதக் குடும்பத் தரவுத்தளத்தில் உள்ள இ.எஃப்-ஹேண்ட் (கால்சியம் பிடிக்கும் புரதப் பகுதி) மாதிரிகளை வைத்து ஹம்மர் என்ற தேடல் மென்பொருளில் தேடினேன். இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறுகிறது. எனக்கு ஆர்வமாக இருப்பது எனோகியும் வைக்கோல் காளானும். எனோகி மொட்டு விடவே குளிர் வேண்டும். வைக்கோல் காளானோ 30 டிகிரிக்கு மேல் செழிக்கும், 4 டிகிரியில் வைத்தால் தானே கரைந்து நீர்த்துப்போகும். இரண்டின் ஜீனோமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 35.6 மற்றும் 35.7 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்றால் பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்து). செடிகளில் குளிரை முதலில் உணர்த்துவது கால்சியம் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கால்சியம் உணரும் புரதங்களின் எண்ணிக்கையை வைத்து இந்தக் குளிர் வேறுபாட்டை விளக்க முடியுமா? என் வழிகாட்டி அட்டவணையைப் பார்த்துவிட்டு “சரி, இதிலிருந்து என்ன சொல்ல வருகிறாய்?” என்று கேட்டார். அதற்குத்தான் பதில் தேடுகிறேன்.

வரிசைவாசகன் எழுதியது:

வழிகாட்டி கேட்டது சரியான கேள்வி. எண்ணிக்கைக்குப் போவதற்கு முன்னால், ஹம்மர் உங்களுக்கு எதை எண்ணிக் கொடுத்தது என்று பார்ப்போம்.

இ.எஃப்-ஹேண்ட் என்பது சுருள், வளையம், சுருள் என்ற சிறு அமைப்பு. 1973இல் கிரெட்சிங்கரும் நாகோல்ட்ஸும் கெண்டை மீனின் பார்வால்புமின் என்ற புரதத்தின் படிகத்தில் இதை விவரித்தார்கள். நடுவில் இருக்கும் வளையத்தில் 12 அமினோ அமிலங்கள். அவற்றில் 1, 3, 5, 7, 9, 12 ஆகிய இடங்கள்தான் கால்சியத்தைச் சூழ்ந்து நிற்கும். முதல் இடத்தில் பெரும்பாலும் ஆஸ்பார்டேட். ஆறாம் இடத்தில் கிளைசின், வளையம் அங்கே வளைய வேண்டும் என்பதற்காக. பன்னிரண்டாம் இடத்தில் குளுட்டமேட். அது தன் இரண்டு ஆக்சிஜனையும் கொடுத்துக் கால்சியத்தைப் பிடிக்கும். இந்தக் குளுட்டமேட் போய்விட்டால் பெரும்பாலும் பிடிப்பும் போய்விடும். ஆனால் சுருளும் வளையமும் அப்படியே இருக்கும். பிஃபாம் மாதிரி மொத்த வடிவத்துக்கும் மதிப்பெண் போடுவதால், செத்த வளையமும் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் எத்தனை பூட்டு என்று எண்ணிவிட்டு, எது பூட்டும் எது பூட்டாது என்று பார்க்காமல் விட்டது போலத்தான் இது.

இது அரிதாக நடப்பதும் இல்லை. அந்தப் பார்வால்புமினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று இ.எஃப்-ஹேண்ட் உண்டு, கால்சியம் பிடிப்பவை இரண்டுதான். கால்சியத்தை உணர்ந்து சேதி சொல்லும் புரதம் கால்மோடுலின். ஈஸ்ட்டின் கால்மோடுலினில் நான்கு உண்டு, நான்காவது வேலை செய்வதில்லை. ஈஸ்ட்டின் எம்.எல்.சி.1 மயோசினோடு ஒட்டும் சிறு சங்கிலி. வடிவம் கால்மோடுலினைப் போலவே இருக்கும், கால்சியத்தோடு அதற்கு உறவில்லை. பான்1, ஈ.டி.ஈ.1 போன்ற, செல்லுக்குள் பொருள்களை விழுங்கும் வேலையில் ஈடுபடும் பெரிய புரதங்களிலும் இதே மடிப்பு இருக்கிறது. அவற்றை உங்கள் தேடல் “கால்சியம் உணரி” என்று எண்ணியிருக்கும்.

ஆகவே எண்ணிக்கை நெடுவரிசையை ஒதுக்கி வையுங்கள். கிடைத்த ஒவ்வொரு வளையத்தையும் 12 எழுத்தாக வெட்டி வரிசையாக அடுக்குங்கள். 1, 6, 12 மூன்று இடங்களையும் கண்ணால் பாருங்கள். ஐந்து இனத்துக்கும் சேர்த்து ஒரு மாலைப்பொழுது வேலை. அப்புறம் பேசலாம்.

எக்ஸான்தேடி எழுதியது:

அண்ணன் சொன்னது புரதம் சரியாக இருந்தால். அந்தப் புரதக் கோப்பையே சரியா என்ற கேள்வி அதற்கும் முன்னால் வருகிறது.

ஷிடாக்கேயையே பாருங்கள். 2016இல் ஒரே இனத்துக்கு இரண்டு ஜீனோம்கள் வெளியாயின. டபிள்யூ1-26 என்ற வகையில் 41.8 மெகாபேஸ், 14,889 ஜீன்கள். பி17 என்ற வகையில் 46.1 மெகாபேஸ், 13,028 ஜீன்கள். ஜீனோம் பெரிதாக இருப்பதில் ஜீன் குறைவு, வித்தியாசம் 1,800க்கு மேல்! வகைக்கு வகை கொஞ்சம் வேறுபாடு இருக்கும்தான். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியில் பெரும்பங்கு ஜீனைக் கணித்த முறையிலிருந்து வருவது. எந்த மென்பொருள், எவ்வளவு ஆர்.என்.ஏ. தரவு, குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்பதெல்லாம் எண்ணிக்கையை ஆட்டிவைக்கும். ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி என்றால், எனோகியை ஒரு குழுவும் வைக்கோல் காளானை வேறொரு குழுவும் கணித்திருக்கும்போது உங்கள் அட்டவணையில் தெரியும் வேறுபாடு காளானுடையதா, கணித்தவர்களுடையதா? வெவ்வேறு முறையில் கணித்த ஜீனோம்களைக் கலந்து ஒப்பிட்டால் ஓர் இனத்துக்கு மட்டுமே உரிய ஜீன்கள் பொய்யாகப் பெருகும் என்று 2022இல் வைஸ்மன், மர்ரே, எட்டி மூவரும் காட்டியிருக்கிறார்கள். படித்தே ஆகவேண்டிய கட்டுரை.

கால்மோடுலின் மாதிரி குட்டிப் புரதங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மொத்தமே 150 அமினோ அமிலம்தான். காளான் ஜீன்களிலோ குட்டிக்குட்டி இன்ட்ரான்கள் (புரதமாகாமல் வெட்டி நீக்கப்படும் துண்டுகள்) நிறைய, ஒவ்வொன்றும் 50, 60 எழுத்து. முதுகெலும்பிகளின் கால்மோடுலின் ஜீனில் முதல் இன்ட்ரான், புரதம் தொடங்கும் ஏ.டி.ஜி. எழுத்துகளை ஒட்டியே வருகிறது, முதல் எக்ஸானில் (இன்ட்ரான் நீக்கியபின் மிஞ்சும் துண்டு) புரதத்துக்கான பகுதி ஏ.டி.ஜி. குறிக்கும் மெதியோனின் என்ற முதல் அமினோ அமிலம் மட்டும்தான். இப்படிப்பட்ட எக்ஸானைத் தானியங்கிக் கணிப்பு எளிதாகத் தவறவிடும். உள்ளே இருக்கும் வேறொரு மெதியோனினைத் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது முதல் இ.எஃப்-ஹேண்ட் முழுசாகவே காணாமல் போகும். நீங்கள் அதை “இந்த இனத்தில் மூன்றுதான்” என்று எழுதுவீர்கள்.

செய்ய வேண்டியது: புரதக் கோப்பில் மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். ஒரு நல்ல கால்மோடுலின் வரிசையை எடுத்து டி.பிளாஸ்ட்.என். (புரத வரிசையை டி.என்.ஏ.வில் தேடும் கருவி) மூலம் நேராக ஜீனோமிலும் தேடுங்கள். ஆர்.என்.ஏ. தரவு கிடைத்தால் இன்ட்ரான் எல்லைகளை அதில் சரிபாருங்கள். இந்த வேலை சலிப்பானது, ஆனால் இதைச் செய்யாமல் கிடைக்கும் “இழப்பு”, “பெருக்கம்” எதையும் நான் நம்ப மாட்டேன்.

சிப்பிஇழை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இரண்டு சந்தேகம். சிப்பிக்காளானுக்கு பி.சி.15, பி.சி.9 என்று இரண்டு ஜீனோம் இருக்கின்றன. எதை எடுப்பது? அப்புறம், மொத்த ஜீன் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் கணிப்பு வேறுபாடு சரியாகிவிடாதா?

எக்ஸான்தேடி எழுதியது:

இரண்டையும் எடுங்கள். சிப்பிக்காளானில் நாம் சமைக்கும் பூங்காளான், இரண்டு வகை உட்கருக்கள் கலக்காமல் சேர்ந்து வாழும் டைகேரியான். பி.சி.9, பி.சி.15 இரண்டும் ஒரே டைகேரியானிலிருந்து பிரித்தெடுத்த இரண்டு ஒற்றை உட்கரு வகைகள். ஒன்றில் 12,206 ஜீன், மற்றதில் 12,330. உங்கள் முறை நம்பத் தகுந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல கட்டுப்பாடு கிடைக்காது. இரண்டிலும் கால்சியம் புரதப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால், ஏன் என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த இனத்துக்குப் போங்கள்.

இதிலேயே இன்னொரு எச்சரிக்கை. டைகேரியானை அப்படியே வரிசைப்படுத்தி வெளியிட்ட ஜீனோம்களும் உண்டு. அவற்றில் ஒரே ஜீனின் இரண்டு வடிவங்கள் இரண்டு ஜீனாக எண்ணப்பட்டிருக்கும். பஸ்கோ என்ற, ஒற்றைப் பிரதியாக இருக்க வேண்டிய ஜீன்களைச் சரிபார்க்கும் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஒற்றையாக இருக்க வேண்டிய ஜீன்கள் நிறைய இரட்டையாக வந்தால் அந்த ஜீனோமில் எண்ணிக்கை பற்றி எதுவும் பேச முடியாது.

வகுத்தல் பற்றி: உதவாது. தவறிப்போவது குட்டி ஜீன்கள், கூடுதலாக வருவது பெரும்பாலும் தாவும் டி.என்.ஏ. துணுக்குகள். இரண்டும் ஒரே விகிதத்தில் மாறாது. கருப்பு ட்ரஃபிளின் ஜீனோம் 2010இல் வந்தபோது 125 மெகாபேஸ் இருந்தது, ஜீன்களோ 7,500 அளவில்தான். மொட்டுக்காளான் வெறும் 30 மெகாபேஸில் 10,438 ஜீன் வைத்திருக்கிறது. மெகாபேஸுக்கு இத்தனை, ஆயிரம் ஜீனுக்கு இத்தனை என்று எதால் வகுத்தாலும் விகிதம்தான் மாறும், கால்மோடுலின் ஜீன் ஒன்றுதான்.

பால்குடில் எழுதியது:

ஐயா, அம்மா, நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. பால்காளான் வளர்க்கிறேன், ஏ.பி.கே.2 வகை. தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். இரண்டு விஷயம் கேட்கலாமா? கால்சியம் பிடிக்கும் புரதம் அதிகமுள்ள காளான் என்றால் அதைச் சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம் அதிகம் கிடைக்குமா? வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், எழுதி ஒட்டலாமா என்று யோசனை. அப்புறம், வித்து தயாரிக்கும்போது வேகவைத்த சோளத்தில் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலக்கிறோமே, அது இந்தப் புரதங்களுக்குத்தான் போகிறதா?

வரிசைவாசகன் எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள் ஐயா. ஒட்ட வேண்டாம். இந்தப் புரதங்கள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் கிடங்குகள் இல்லை. செல்லின் உள்நீரில் தனித்து உலவும் கால்சியம் மிகமிகக் குறைவு, வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் செல் அதை அனுமதிக்கும். அந்தச் சிறு அளவு திடீரென்று கூடும்போது அதை உணர்ந்து அடுத்த வேலையைத் தொடங்கி வைப்பதுதான் கால்மோடுலினின் பணி. எனவே புரதத்தின் எண்ணிக்கைக்கும் சத்துக்கும் தொடர்பில்லை. மொட்டுக்காளானிலும் சிப்பிக்காளானிலும் 100 கிராம் பச்சைக் காளானுக்கு 3 மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம். கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல். காளானுக்குச் சொல்லிக்கொள்ள வேறு நல்ல குணங்கள் இருக்கின்றன, கால்சியத்தைச் சொல்லி விற்க வேண்டியதில்லை.

கார்பனேட் கலப்பது முக்கியமாக அமிலத்தன்மையைச் சரிக்கட்ட. இழை வளரும்போது அமிலங்களை வெளியிடும், அதைக் கார்பனேட் தாங்கிக்கொள்ளும். தானியம் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக இருக்கவும் உதவும். இழைக்கும் கொஞ்சம் கால்சியம் வேண்டும்தான், ஆனால் அதற்கு இவ்வளவு தேவையில்லை. கூடுதலாக வரும் கால்சியத்தை இழைகள் ஆக்சலேட்டோடு சேர்த்துப் படிகமாக்கி வெளியே தள்ளிவிடும். மொட்டுக்காளான் இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் படிகங்கள் மேலே பூத்திருப்பது தெரியும்.

பால்குடில் எழுதியது:

புரிந்தது ஐயா, நன்றி. மொட்டுக்காளான் போடுகிறவர்கள் பாசன நீரில் கால்சியம் குளோரைடு கலப்பதாகக் கேள்விப்பட்டேன். அது வேறு கணக்கா?

வரிசைவாசகன் எழுதியது:

வேறு கணக்கு. அறுவடைக்குப் பிறகு வெண்மை நிலைக்கவும் பாக்டீரியாப் புள்ளி குறையவும் செய்கிறார்கள். 0.3 சதவீதம் அளவில் கலந்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். பால்காளானுக்கு அதே அளவு ஒத்துவருமா என்பது தனியாகச் சோதிக்க வேண்டியது, மொத்தக் குடிலிலும் ஒரேயடியாக விடாதீர்கள்.

வெண்மட்கு எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன். எல்லோரும் இ.எஃப்-ஹேண்ட் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். சிப்பிஇழையின் தலைப்பு “கால்சியம் பிடிக்கும் புரதங்கள்”. அந்தத் தலைப்புக்கு நேர்மையாக இருந்தால், உண்ணும் காளான்களிடையே உண்மையான பெரிய வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதிகளைச் சொல்கிறேன். மாங்கனீஸ் பெராக்சிடேஸ், வெர்சடைல் பெராக்சிடேஸ் போன்றவை. பூஞ்சைகளின் இரண்டாம் வகுப்புப் பெராக்சிடேஸ்கள் என்று இவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். இரும்புள்ள ஹீம் என்ற பகுதி நடுவில், அதற்கு மேலும் கீழுமாக ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு கால்சியம் அயனிகள் பதிந்திருக்கும். சும்மா ஒட்டிக்கொண்டு இருப்பவை இல்லை. ஃபானரோகீட் என்ற பூஞ்சையின் மாங்கனீஸ் பெராக்சிடேஸைச் சூடாக்கினால் கால்சியம் கழன்று நொதி செயலிழக்கும், கால்சியத்தைத் திரும்பக் கொடுத்தால் செயல் மீளும். தொண்ணூறுகளிலேயே காட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஜீனோம்களைப் பாருங்கள். சிப்பிக்காளானில் இத்தகைய ஜீன்கள் ஒன்பது: ஆறு மாங்கனீஸ் பெராக்சிடேஸ், மூன்று வெர்சடைல். கம்போஸ்டில் வளரும் மொட்டுக்காளானில் மாங்கனீஸ் பெராக்சிடேஸ் இரண்டே இரண்டு. மணிப்பூரில் கங்லாயென் என்று விரும்பிச் சாப்பிடும் ஷைசோஃபில்லம் கம்யூனேயின் ஜீனோம் 2010இல் வந்தது. அதில் இந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை. மரத்தில்தான் வளர்கிறது, ஆனால் லிக்னினை வேறு வழியில் சமாளிக்கிறது. ஒன்பது, இரண்டு, பூஜ்யம். எந்தக் கணிப்புக் குளறுபடியும் இவ்வளவு தெளிவான வேறுபாட்டை உண்டாக்காது. இவை சுமார் 350 அமினோ அமில நீளமுள்ள புரதங்கள், கைதேர்ந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்த ஜீன்கள். வாழும் இடத்தோடும் பொருந்துகிறது. இதை விட்டுவிட்டுக் கால்மோடுலின் எத்தனை என்று ஏன் தலையை உடைத்துக்கொள்கிறீர்கள்?

வரிசைவாசகன் எழுதியது:

தகவல் எல்லாம் சரி. ஆனால் இதை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவருவதை ஏற்க முடியவில்லை. நீங்கள் சொல்வது லிக்னின் சிதைவின் வரலாறு. அங்கே கால்சியம் கட்டடத்துக்குள் பதிந்த இரும்புக் கம்பி மாதிரி நிலையாக இருக்கிறது, கூடிக் குறைந்து சேதி சொல்வதில்லை. பெராக்சிடேஸ் ஒன்பதா இரண்டா என்பதற்குக் கால்சியம் காரணமே இல்லை. இதைக் “கால்சியம் புரதங்களின் வேறுபாடு” என்று எழுதினால் படிப்பவர்கள் காளானின் கால்சியச் சமிக்ஞை மாறுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் ஆல்ஃபா அமைலேஸிலும் கால்சியம் இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா?

வெண்மட்கு எழுதியது:

சேர்க்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஆனால் தனிப் பிரிவாக. உங்கள் கவலை நியாயமானது. படிப்பவர்களைக் குழப்புவது சேர்ப்பதால் வருவதில்லை, பெயரிடாமல் ஒரே குவியலில் கொட்டுவதால் வருகிறது. ஒரு பிரிவு, கால்சியம் மாறும்போது தானும் வடிவம் மாறிச் சேதி கடத்துபவை: கால்மோடுலின், கால்சினியூரின் பி, ஃப்ரீக்வெனின். இன்னொரு பிரிவு, கால்சியத்தை நிலையாகப் பிடித்து வடிவத்தைக் காப்பவை: பெராக்சிடேஸ், அமைலேஸ். இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. உண்ணும் காளானான மராஸ்மியஸ் ஓரியேட்ஸில் எம்.ஓ.ஏ. என்ற லெக்டின் இருக்கிறது. சர்க்கரையைப் பிடிக்கும் பகுதியோடு புரதத்தை வெட்டும் பகுதியும் அதில் உண்டு. கால்சியம் சேர்ந்தால்தான் வெட்டும். காளானைத் தின்ன வரும் உருளைப்புழுக்களுக்கு அது நஞ்சு. இ.எஃப்-ஹேண்ட் தேடலில் இது கடைசி வரை கண்ணில் படாது. காளானின் உலகத்தில் கால்சியம் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று இது.

இன்னொன்று, பெராக்சிடேஸைத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிஃபாமில் ஒரே குடும்பத்துக்குள் முதல் வகுப்பும் சேர்ந்தே வரும். ஈஸ்ட்டின் சைட்டோகுரோம் சி பெராக்சிடேஸ் அந்த வகுப்பு, அதில் இந்தக் கால்சியம் கிடையாது. குடும்பப் பெயரை மட்டும் பார்த்து எண்ணினால் கால்சியம் இல்லாதவையும் சேர்ந்துவிடும்.

எக்ஸான்தேடி எழுதியது:

அப்படியானால் பெராக்சிடேஸுக்கும் இ.எஃப்-ஹேண்டுக்கும் ஒரே விதி: குடும்பத்தைக் கண்டுபிடிப்பது தொடக்கம், பிடிக்கும் அமினோ அமிலங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது தீர்ப்பு. கால்சியம் பிடிக்கும் புரதங்களில் வரும் சி2 என்ற பகுதிக்கும் இதேதான். மனிதரின் பி.டென். புரதத்தில் சி2 இருக்கிறது, கால்சியம் பிடிக்காது. சிப்பிஇழை, உங்கள் பட்டியலில் சி2வைச் சேர்த்திருந்தால் அதையும் இப்படிச் சலித்தாக வேண்டும்.

வரிசைவாசகன் எழுதியது:

தனிப் பிரிவு, தனிப் பெயர் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் குளிர் பற்றிய கேள்விக்கு அந்த இரண்டாம் பிரிவை இழுக்கக் கூடாது.

சிப்பிஇழை எழுதியது:

இடையில் அண்ணா சொன்னபடி வளையங்களை வெட்டி அடுக்கிப் பார்த்தேன். கால்மோடுலின் ஐந்து இனத்திலும் இருக்கிறது, நான்கு வளையத்திலும் 1, 6, 12 இடங்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ வேறுபாடே இல்லை. கால்சினியூரின் பி-யும் அப்படித்தான். எண்ணிக்கையில் தெரிந்த வேறுபாட்டில் பெரும்பகுதி, பெரிய புரதங்களில் ஒட்டியிருக்கும் பன்னிரண்டாம் இடம் போன வளையங்களிலிருந்து வருகிறது. அப்படியானால் என் திட்டத்தில் சொல்ல எதுவுமே இல்லையா? எனோகி, வைக்கோல் காளான் கேள்வி அவ்வளவுதானா?

வரிசைவாசகன் எழுதியது:

எதுவுமே இல்லை என்று யார் சொன்னது? கையில் ஒரு முடிவு இருக்கிறது. குளிரைத் தேடும் காளானிலும் குளிரில் கரையும் காளானிலும் கால்மோடுலினின் நான்கு வளையமும் ஒன்றுதான். ஆகவே குளிர் வேறுபாட்டுக்கான விளக்கம் அந்த உணரியில் இல்லை. இது ஒரு கருதுகோளை ஒதுக்கும் விடை, அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

மாறாமல் இருப்பது தானாக நடந்த ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். ஈஸ்ட்டின் கால்மோடுலின் நம்முடையதோடு 60 சதவீதம் அளவுக்குத்தான் ஒத்துப்போகிறது, நான்காம் வளையமும் போய்விட்டது. அந்த ஜீன் இல்லாமல் ஈஸ்ட் பிழைக்காது என்று 1986இல் காட்டினார்கள். 1991இல் இன்னும் பெரிய வியப்பு: கால்சியமே பிடிக்க முடியாதபடி மாற்றிய கால்மோடுலினோடும் ஈஸ்ட் வளர்ந்தது! அதாவது ஈஸ்ட்டில் அந்தப் புரதத்தின் உயிர்நாடியான வேலைக்குக் கால்சியம் தேவைப்படவில்லை. காளான்களோ நான்கு வளையத்தையும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஈஸ்ட்டைப் பாடப்புத்தகமாக வைத்துக் காளானைப் படிக்க முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. உங்கள் ஆய்வேட்டில் ஒரு முழுப் பகுதியை இதற்குக் கொடுக்கலாம்.

குளிர் பற்றி: 1991இல் புகையிலைச் செடியில் ஒளிரும் ஏக்வோரின் புரதத்தை வைத்து, குளிர் பட்டவுடன் செல்லுக்குள் கால்சியம் எழுவதைக் கண்டார்கள். அதில் மாறியது கால்சியத்தின் அளவும் நேரமும். அதைத் தீர்மானிப்பவை கால்வாய்களும் பம்புகளும், அதாவது உள்ளே விடும் சி.சி.எச்.1, மிட்1 கால்வாய், வெளியேற்றும் பி.எம்.சி.1, பி.எம்.ஆர்.1 போன்றவை. அப்புறம் உணரிக்குக் கீழே இருப்பவை: கால்மோடுலின் தூண்டும் கைனேஸ் நொதிகள், கால்சினியூரின் தொட்டு இயக்கும், ஜீன்களை முடுக்கும் சி.ஆர்.இசட்.1. இவற்றில் சில கால்சியத்தை நேரடியாகப் பிடிக்கும் புரதங்களே இல்லை. ஆனாலும் வேறுபாடு இருந்தால் அது அங்கே இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த ஜீன் எந்த வெப்பநிலையில் எவ்வளவு எழுகிறது என்ற தரவும் வேண்டும், வெறும் ஜீனோம் போதாது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு இனங்களை மட்டும் வைத்து “குளிருக்கும் இதற்கும் தொடர்பு” என்று சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் இடையே வேறுபடும் ஆயிரம் விஷயங்களில் எது காரணம் என்று தெரியாது. குளிர் விரும்பும் இனங்களும் வெப்பம் விரும்பும் இனங்களும் பரிணாம மரத்தின் வெவ்வேறு கிளைகளில் பலமுறை வந்தால்தான் பேச முடியும்.

வெண்மட்கு எழுதியது:

ஆய்வகத்தில் இழையை வளர்க்கும் தட்டு வசதி இருந்தால் ஒரு சோதனையும் செய்யலாம். சைக்ளோஸ்போரின் ஏ அல்லது எஃப்.கே.506 என்ற மருந்து கால்சினியூரினைத் தடுக்கும். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையில் கால்சினியூரின் இல்லாவிட்டால் 37 டிகிரியில் வளராது என்று 1997இல் கண்டார்கள். அதுவும் காளான்கள் சேர்ந்த பசிடியோமைசீட் கிளை, காளான்களின் தூரத்து உறவு. உங்கள் இனங்களை வெவ்வேறு வெப்பநிலையில் இந்த மருந்தோடும் மருந்தில்லாமலும் வளர்த்து, இழை பரவும் வேகத்தை அளந்தால் ஜீனோமில் கேட்ட கேள்விக்கு உயிருள்ள காளான் பதில் சொல்லும்.

கால்சியத்தை அகற்ற ஈ.ஜி.டி.ஏ. போட நினைத்தால் கவனம். கால்சியத்தைப் பிடிக்கும்போது அது அமிலத்தன்மையைக் கூட்டும். அமிலத்தன்மையை மாறாமல் காக்கும் பஃபர் இல்லாமல் போட்டால், வளர்ச்சி குறைந்தது கால்சியம் போனதாலா அமிலத்தாலா என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

சிப்பிஇழை எழுதியது:

தட்டு வசதி இருக்கிறது, வழிகாட்டியிடம் கேட்கிறேன். இப்போது நினைத்திருக்கும் ஒழுங்கு இது. முதலில் பி.சி.9, பி.சி.15 இரண்டையும், ஷிடாக்கேயின் இரண்டு ஜீனோம்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு முறையைச் சரிபார்க்கிறேன். பிறகு சேதி கடத்துபவை ஒரு பகுதி, வடிவம் காப்பவை ஒரு பகுதி. எண்ணிக்கை அட்டவணைக்குப் பதிலாக ஒவ்வொரு வளையத்தின் 12 எழுத்தும், பிடிக்குமா பிடிக்காதா என்ற குறிப்பும். அதற்குப் பின் கால்வாய்கள், பம்புகள்.

கடைசியாக ஒன்று. பரிணாம மரம் வரையக் கருப்பு ட்ரஃபிளை வெளியினமாக (ஒப்பிடுவதற்கு வெளியிலிருந்து எடுக்கும் இனம்) சேர்க்கலாமா? அதுவும் உண்ணும் பூஞ்சை என்பதால் தலைப்போடு பொருந்தும்.

எக்ஸான்தேடி எழுதியது:

வேண்டாம். ட்ரஃபிள் அஸ்கோமைசீட். அந்தக் கிளையும் காளான்களின் கிளையும் பிரிந்து குறைந்தது 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. 149 அமினோ அமிலம் உள்ள, அதுவும் இவ்வளவு குறைவாக மாறும் புரதத்தில் அந்தத் தூரத்தைத் தாங்கும் தகவல் இல்லை. கிளைகள் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும், கிளைகளின் நம்பகத்தைக் காட்டும் ஆதரவு எண்கள் எல்லாம் விழுந்துவிடும். வெளியினம் உண்ணும் காளானாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கானோடெர்மா லூசிடம் பாலிபோரேலிஸ் வரிசை, 2012இல் 43.3 மெகாபேஸ் ஜீனோம் வந்திருக்கிறது, உங்கள் ஐந்துக்கும் வெளியே ஆனால் பக்கத்தில். அதை எடுங்கள். கால்மோடுலினுக்கு மட்டும் தனி மரம் வரைய வேண்டாம், ஒற்றைப் பிரதியாக உள்ள பஸ்கோ ஜீன்களைச் சேர்த்து இனமரம் வரைந்து, வளையங்களின் நிலையை அதன் மேல் குறித்துக் காட்டுங்கள்.

சிப்பிஇழை எழுதியது:

சரி அக்கா, கானோடெர்மா. ஷிடாக்கே ஜோடியிலிருந்து இன்று தொடங்குகிறேன். டி.பிளாஸ்ட்.என். முடிவுகள் வந்ததும் இன்ட்ரான் எல்லைகளோடு இங்கேயே ஏற்றுகிறேன். முதல் எக்ஸான் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று நீங்களும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.